அத்தியாயம் 1: மறைவதற்கு முன் காண்க

கட்டுமானத் தொழிலில் புதிதாகப் பிரவேசிக்கும் இளைஞர்கள், டிப்ளமோ முடித்தவர்களாயினும், பொறியியற் பட்டம் பெற்றவர்களாயினும், தகப்பனார் நடத்திவந்த ஒப்பந்தத் தொழிலை ஏற்க முன்வந்தவர்களாயினும், முதல் நாள் வேலை நடக்கும் ஸ்தலத்தில் போய் நிற்கையில் அனைவருக்கும் ஒரே விதமான திகைப்பு உண்டாவது இயல்பு. ஒரு மூலையில் கடக்கால் தோண்டுகிறார்கள். இன்னொரு மூலையில் கம்பி வளைக்கிறார்கள். ஜல்லியைக் கொட்டிவிட்ட லாரி ஓட்டுநர் சலானில் கையெழுத்துக் கேட்டு நிற்கிறார். மேஸ்திரியோ கைப்பேசியில் யாரையோ அதட்டிக்கொண்டிருக்கிறார். இவற்றுள் எது முன், எது பின், யார் யாருக்குப் பொறுப்பாளி, பணம் எங்கிருந்து புறப்பட்டு எங்கே போய்ச் சேருகிறது என்பதொன்றும் கல்லூரிப் பாடத்தில் இல்லாமையால், பல மாதங்கள் வரையில் அவர்கள் பார்வையாளராகவே நின்றுவிடுகிறார்கள். அந்த மாதங்களைக் குறைக்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

இத்தொழிலின் சகல நடைமுறைகளுக்கும் ஆதாரமான உண்மை ஒன்று உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நலம். கட்டடத்தில் ஒவ்வொரு வேலையும் அடுத்து வரும் வேலையால் மறைக்கப்பட்டுவிடுகிறது. கடக்காலை மண் மூடுகிறது. கம்பியைக் கான்கிரீட் மூடுகிறது. செங்கல்லைப் பூச்சு மூடுகிறது. பூச்சினுள் பதித்த தண்ணீர்க் குழாயையும் மின்சாரக் குழாயையும் டைல்ஸும் வர்ணமும் மூடிவிடுகின்றன. வீட்டை விலை கொடுத்து வாங்குபவரின் கண்ணுக்குப் புலனாவது அந்த வர்ணம் ஒன்றே. அவர் குடும்பத்தைத் தாங்கி நிற்பவையோ அவர் ஒருநாளும் காண இயலாதவை. ஆதலால், வரைபடம், ஒப்பந்தம், அளவுப் புத்தகம், பகுதி பகுதியாகப் பணம் கொடுத்தல், பிடித்தம், பரிசோதனை, அரசாங்க அனுமதி என்று புதியவரை மிரட்டும் இத்தனை சம்பிரதாயங்களும், சற்று ஆழ்ந்து யோசித்தால், மறையப்போகும் வேலையை அது மறைவதற்கு முன் பொறுப்புள்ள ஒருவர் கண்டு, அளந்து, எழுதி, கையொப்பமிட வேண்டும் என்ற ஒரே நோக்கத்திலிருந்து பிறந்தவை என்பது விளங்கும். இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டவருக்கு மற்றவை தாமே கிரமமாகப் புரியத் தொடங்கும்.

யார், யாருக்குப் பொறுப்பு

எந்தக் கட்டடத்துக்கும் மூன்று பொறுப்புகள் உண்டு: பணம் போட்டு உடைமை கொள்வது ஒன்று, எப்படி அமைய வேண்டும் என்று வகுத்துக் கொடுப்பது மற்றொன்று, வகுத்தபடி கட்டிக் கொடுப்பது மூன்றாவது. சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்தை உதாரணமாகக் கொள்ளலாம். அதன் முதல் வடிவைத் தயாரித்தவர் பிராசிங்டன், அதைத் திருத்தி நிறைவுபெறச் செய்தவர்கள் ஹென்றி இர்வினும் ஸ்டீபன்ஸும், கட்டி எழுப்பிய ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார், உடைமையோ அரசாங்கத்தினுடையது. 1892ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அக்கட்டடம் இன்றும் கம்பீரமாக நிற்பதற்கு இம்மூன்று பொறுப்புகளும் தனித்தனி மனிதர்களிடம் இருந்து, ஒருவர் வேலையை மற்றவர் பார்வையிட்டதும் ஒரு காரணமாகும் என்பது என் அபிப்பிராயம்.

இன்று வகுக்கும் பொறுப்பு இரண்டாகப் பிரிந்திருக்கிறது. அறைகள் எங்கே, காற்றும் வெளிச்சமும் எப்படி, தோற்றம் எவ்விதம் என்பதை ஆர்க்கிடெக்ட் முடிவு செய்கிறார். அடித்தளத்தின் அகலமும் ஆழமும், தூணின் பருமனும், கம்பியின் எண்ணிக்கையும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் கணக்கைப் பொறுத்தவை. சிறிய ஊர்களில் இவ்விரண்டையும் செய்யாமல், சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிவிட்டு மேஸ்திரியின் அனுபவத்தையே வரைபடமாகக் கொண்டு வீடு கட்டுவது இன்னமும் நடக்கிறது. தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டில் இது ஒருவாறு தப்பிவிடும். மண்ணோ களிமண்ணாகவோ ஏரி மண்ணாகவோ இருந்து, மேலே இரண்டு தளங்களும் எழும்புமாயின், ஸ்ட்ரக்சுரல் வரைபடம் இல்லாத ஸ்தலத்தில் வேலைக்குச் சேராதிருப்பதே விவேகம்.

கட்டும் பொறுப்பை ஏற்ற ஒப்பந்தக்காரர் எல்லா வேலையையும் தம் ஆட்களைக் கொண்டு செய்வதில்லை. கொத்து வேலை ஒரு மேஸ்திரியிடம், கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும் அமைக்கும் சென்ட்ரிங் வேறொருவரிடம், கம்பி கட்டுவது மற்றொருவரிடம், பிளம்பிங், எலெக்ட்ரிக்கல், டைல்ஸ், பெயின்டிங் ஆகியவை தனித்தனிக் குழுக்களிடம் என்று உள்ஒப்பந்தமாகப் பிரிந்துவிடுகின்றன. ஒவ்வொரு குழுவும் தன் வேலையை முடித்து அடுத்த ஸ்தலத்துக்குப் போக அவசரப்படுமாதலால், இரண்டு குழுக்களின் வேலை சந்திக்கும் இடத்தில்தான் குறைகள் பிறக்கின்றன. தளத்துக்குக் கம்பி கட்டி முடிந்தபின் எலெக்ட்ரீஷியன் வந்து குழாய் பதிக்கையில் கம்பியை மிதித்து வளைத்துவிடுவார். பூச்சு முடிந்தபின் பிளம்பர் சுவரை உடைப்பார். இளம் பொறியாளரின் முதல் உபயோகமே இந்தச் சந்திப்புகளை முன்கூட்டிக் கண்டு, யார் முன், யார் பின் என்று ஒழுங்கு செய்வதில் இருக்கிறது.

இத்தனை பேருள்ளும் ஸ்தலத்தின் உயிர்நாடி மேஸ்திரியே. ஆள் திரட்டுவது, முன்பணம் கொடுத்து ஊரிலிருந்து அழைத்து வருவது, தங்க இடம் பார்ப்பது, சனிக்கிழமை மாலையில் கூலி பட்டுவாடா செய்வது எல்லாம் அவர் கையில். ஒப்பந்தக்காரரின் பணம் தாமதமாகும் வாரத்தில் மேஸ்திரி வட்டிக்கு வாங்கியாவது தம் ஆட்களுக்குக் கூலி கொடுத்துவிடுவார். கொடாவிட்டால் திங்கட்கிழமை வேறொரு ஸ்தலத்தில்தான் அவர்களைக் காணலாம் என்பது அவருக்குத் தெரியும். கொத்தனாரும் சித்தாளும் திருவண்ணாமலை, விழுப்புரம், தருமபுரிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து சென்னைக்கு வருவது நெடுநாளைய வழக்கம். இப்போது பீகார், ஒடிசா, மேற்கு வங்காளம் ஆகிய மாநிலங்களிலிருந்து வருவோர் பெரிய ஸ்தலங்களில் பெருந்தொகையினராக உள்ளனர். ஆகையால் பத்து இந்திச் சொற்களையாவது கற்றுக்கொள்ளுங்கள். சாரத்தின் மேல் நிற்பவருக்கு 'நில்', 'இறங்கு', 'கம்பியைத் தொடாதே' என்று அவர் மொழியில் சொல்லத் தெரிவது ஒரு சமயம் உயிரைக் காக்கும். வயதில் மூத்த மேஸ்திரியிடம் அதிகாரத்தைக் காட்டாமல், "இது ஏன் இப்படிச் செய்றீங்க அண்ணே, எனக்குச் சொல்லுங்க" என்று கேட்பவருக்கு அவர் முப்பது வருஷ அனுபவத்தையும் திறந்து வைப்பார். கேட்டதெல்லாம் சரியென்று கொள்ளாமல் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது உங்கள் கடமை.

ஒப்பந்தமும் பணமும்

தனியார் வீட்டு வேலையில் இரண்டு வகை ஒப்பந்தங்கள் வழக்கில் உள்ளன. பொருளை உடைமையாளர் வாங்கிக் கொடுக்க, கூலி வேலையை மட்டும் ஏற்பது லேபர் காண்ட்ராக்ட். பொருளும் கூலியும் சேர்த்து ஏற்பது முழுக் காண்ட்ராக்ட். முன்னதில் பொருள் வீணாவதைப் பற்றி ஒப்பந்தக்காரருக்குக் கவலை குறைவு. பின்னதில் பொருளின் தரத்தைக் குறைக்கும் சபலம் அதிகம். எந்த வகையாயினும் விலை சதுர அடிக்குப் பேசப்படுவதால், அந்தச் சதுர அடியில் அடங்குவது எது என்பதைப் பற்றியே பெரும்பாலான வழக்குகள் எழுகின்றன. போர்ட்டிகோவுக்கு முழு விலையா, பாதி விலையா? மாடிப்படியின் மேலுள்ள ஹெட்ரூம் கணக்கில் சேருமா? சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டுச் சுவர், கைப்பிடிச் சுவர், மாடித் தளத்துக்கு ஓடு பதிப்பது ஆகியவை உள்ளடங்கியவையா, தனியா? டைல்ஸுக்குச் சதுர அடிக்கு எத்தனை ரூபாய் வரை? கம்பி எந்த நிறுவனத்தினுடையது? முன்பின் பழகிய மனிதர்கள் என்ற தாட்சண்யத்தால் இவற்றை எழுதாமல் விட்டவர்கள், தளம் போட்டு முடிந்தபின் முகம் பாராமல் பிரிவதை எங்கும் காணலாம். வேலை தொடங்குமுன் இந்தக் கேள்விகளைக் கேட்டு இரண்டு பக்கத்தில் எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்குவது, சிநேகத்தைக் காப்பாற்றும் காரியமாகும்.

பணம் கட்டம் கட்டமாக வருகிறது: ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகையில் ஒரு பகுதி, பேஸ்மட்டம் முடிந்ததும் ஒரு பகுதி, லிண்டல் மட்டத்தில் ஒன்று, தளம் போட்டதும் ஒன்று, பூச்சு முடிந்ததும் ஒன்று, சாவி கொடுக்கையில் மீதி. பெரிய வேலைகளில் மாதந்தோறும் செய்த வேலையை அளந்து ரன்னிங் பில் போடுவார்கள். அதில் நூற்றுக்கு ஐந்து என்பது போன்ற ஒரு பங்கைப் பிடித்து வைத்து, வேலை முடிந்து குறிப்பிட்ட காலம் வரையில் குறை ஒன்றும் தோன்றாவிடில் திருப்பிக் கொடுப்பது வழக்கம். மறைந்த வேலையின் குணம் ஒரு மழைக்காலமும் ஒரு கோடைக்காலமும் கழிந்த பிறகே வெளிப்படும் என்பதே இந்தப் பிடித்தத்தின் நியாயம்.

அரசாங்க வேலையின் போக்கு வேறு. பொதுப்பணித்துறை போன்ற துறைகள் மதிப்பீடு தயாரித்து, ஒப்பந்தப்புள்ளி கோரி, தகுதியுள்ளோருள் குறைந்த விலை கேட்டவருக்கு வேலையை அளிக்கின்றன. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இதற்கு விதி வகுத்துள்ளது. அங்கே செய்த வேலை யாவும் எம்-புக் என்னும் அளவுப் புத்தகத்தில் ஏறியாக வேண்டும். செங்கல் கட்டு கன மீட்டரில், பூச்சு சதுர மீட்டரில், கம்பி கிலோவில் என்று ஒவ்வொன்றுக்கும் அளக்கும் முறை உண்டு. கதவு, ஜன்னல் வாய்களைக் கழிக்கவும் விதி உண்டு. தனியார் ஸ்தலத்தில் இப்புத்தகம் கட்டாயமில்லை எனினும், புதியவர் ஒவ்வொருவரும் ஒரு கெட்டி அட்டை நோட்டுப் புத்தகத்தை வாங்கி, தேதியிட்டு, மூடப்படும் ஒவ்வொரு வேலையின் அளவையும் அன்றன்றே எழுதி, மேஸ்திரியின் கையெழுத்தையும் பெற்றுவரவேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். கைப்பேசியில் படம் எடுப்பது இதற்குத் துணையாகலாமேயன்றி மாற்றாகாது. படத்தில் கம்பி தெரியும், அது எத்தனை அங்குல இடைவெளி என்பது தெரியாது.

பொருளை ஏற்கும் வாசல்

புதியவருக்குப் பெரும்பாலும் முதலில் கிடைக்கும் வேலை, வரும் பொருளைச் சரிபார்த்து ஏற்பதே. இதை இழிவாக எண்ணற்க. கட்டடச் செலவில் பெரும்பகுதி இந்த வாசல் வழியாகவே உள்ளே நுழைகிறது.

மணலும் ஜல்லியும் 100 கன அடி கொண்ட யூனிட் கணக்கில் வருகின்றன. லாரிப் பெட்டியின் உட்புற நீள அகலங்களை டேப்பால் அளந்து, ஒரு கம்பியைச் சுமையின் மேல் நான்கைந்து இடங்களில் அடிவரை குத்தி ஆழம் பார்த்து, சராசரி எடுத்துப் பெருக்க வேண்டும். 14 அடி நீளம், 7 அடி அகலம், 3 அடி ஆழம் என்றால் 294 கன அடி; அதாவது மூன்று யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. நடுவில் குவித்து ஓரங்களில் சரித்திருக்கும் சுமையை நடுவில் மட்டும் அளந்தால் நஷ்டம் உங்களுடையது. ஈரமான மணல் உலர்ந்த மணலைவிடக் கால் பங்கு வரையிலுங்கூடப் பருத்துக் காட்டும் என்பதையும் மறவாதீர்கள். ஆற்று மணல் அருகிப்போய், கல்லை நொறுக்கிச் செய்யும் எம்-சாண்ட் வழக்கத்துக்கு வந்துவிட்ட இக்காலத்தில், பரிசோதிக்க வேண்டியது அதிலுள்ள கல் தூள். ஒரு கைப்பிடி எடுத்துக் கண்ணாடித் தம்ளரில் தண்ணீரோடு குலுக்கி வைத்தால், மேலே படியும் சேற்றுப் படலம் எவ்வளவு தடிப்பு என்பது சிறிது நேரத்தில் பிரத்தியட்சமாகும். குவாரியில் மீந்த வெறும் தூளை எம்-சாண்ட் என்று கொண்டுவந்து கொட்டும் லாரிகளைத் திருப்பியனுப்பத் தயங்கலாகாது.

கம்பியின் எடையைக் காண ஒரு சூத்திரம் உண்டு: மில்லிமீட்டரில் விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மில்லிமீட்டர்க் கம்பி மீட்டருக்கு 0.889 கிலோ, 12 மீட்டர் நீளமுள்ள முழுக் கம்பி ஏறக்குறைய 10.67 கிலோ. கட்டில் எத்தனை கம்பிகள் என்று எண்ணிப் பெருக்கி எடைச் சீட்டோடு ஒப்பிட்டால், அனுமதிக்கப்பட்ட சிறு ஏற்றத்தாழ்வுக்கு மேல் குறைவு உள்ளதா என்பது தெரிந்துவிடும். சிமெண்டு மூட்டை 50 கிலோ. தயாரித்த வாரமும் வருஷமும் மூட்டையில் அச்சாகியிருக்கும். மூன்று மாதம் கடந்ததைப் பரிசோதியாமல் தூணுக்கும் தளத்துக்கும் உபயோகிக்கலாகாது. மூட்டைகளைத் தரையிலிருந்து உயர்த்திப் பலகையின் மேல், சுவரை ஒட்டாமல், பத்து மூட்டைக்கு மேல் அடுக்காமல் வைக்க வேண்டும்.

தளம் போடும் நாள்

ஒரு வீட்டின் ஆயுளில் தளம் போடும் நாளைப் போல முக்கியமான நாள் வேறில்லை. பல வாரங்களின் வேலை அன்று ஒரே பகலில் என்றென்றைக்குமாக மறைந்துவிடுகிறது. விடியற்காலையிலேயே மிக்ஸர் இயந்திரம் வந்து இறங்கும். அதற்குச் சந்தனம் குங்குமமிட்டு, எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டுவார்கள். ஆட்கள் சும்மாடு சுற்றிக்கொள்வார்கள். உடைமையாளர் வீட்டார் அன்று அனைவருக்கும் சாப்பாடு போடுவது பல ஊர்களில் வழக்கம். இந்த உற்சாகத்தின் நடுவே, முந்தின நாள் மாலையிலேயே நீங்கள் செய்து முடித்திருக்க வேண்டிய காரியத்தைச் செய்ய இயலாது என்பதை உணர்ந்து, அந்த மாலைப் பொழுதை எவ்விதத்திலேனும் ஒதுக்கி வையுங்கள்.

முந்தின மாலை தளத்தின் மேல் ஏறி, வரைபடத்தைக் கையில் விரித்து, ஒவ்வொரு அறையாகக் கம்பியின் விட்டத்தையும் இடைவெளியையும் டேப் வைத்துப் பார்க்க வேண்டும். பீம்களின் அருகே தளத்தின் மேல்மட்டத்தில் இருக்க வேண்டிய கம்பிகளும், பால்கனியின் மேற்கம்பிகளும், ஆட்கள் மிதித்ததால் கீழே இறங்கிவிட்டனவா என்பதை முக்கியமாகக் கவனியுங்கள். பால்கனியில் கம்பி மேலே இல்லாவிட்டால் அது தாங்காது. கம்பிக்கும் பலகைக்கும் இடையே கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள். தளத்துக்கு 20 மில்லிமீட்டர், தூணுக்கு 40, அடித்தளத்துக்கு 50 என்பது ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தரநிர்ணயம் கூறும் குறைந்த அளவு. கடற்கரை ஓரங்களில் இதனினும் அதிகம் தேவை. கவர் பிளாக் இல்லாமல் ஜல்லிக்கல்லை முட்டுக்கொடுத்துக் கான்கிரீட் போட்ட தளங்கள், பத்துப் பதினைந்து வருஷத்தில் கம்பி துருவேறிப் பருத்து, அடிப்பக்கம் காரை காரையாக உதிர்வதைப் பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகள் எத்தனையிலோ காண்கிறோம். பிறகு கீழே இறங்கி முட்டுகளைப் பாருங்கள்: இளகிய மண்ணில் பலகையின்றி ஊன்றிய சவுக்கு முட்டு, ஈரக் கான்கிரீட்டின் பாரம் ஏறியதும் புதையும்.

மறுநாள் உங்கள் ஸ்தானம் மிக்ஸர் அருகே. எம்-20 என்னும் கலவைக்கு ஒரு பங்கு சிமெண்டு, ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்ற விகிதம் எல்லோருக்கும் தெரியும். தவறு நிகழ்வதெல்லாம் தண்ணீரில். ஒரு மூட்டைக்கு 25 லிட்டரை ஒட்டி, மணலில் உள்ள ஈரத்தையும் கணக்கிட்டு ஊற்ற வேண்டிய தண்ணீரை, வெயில் ஏற ஏற, கை சோர்ந்த ஆட்கள் குடம் குடமாகக் கூட்டுவார்கள். இளகிய கலவை சட்டியிலிருந்து சுலபமாக வழியும், பரப்பவும் எளிது. அந்த எளிமைக்குக் கொடுக்கும் விலை, காய்ந்தபின் கான்கிரீட்டினுள் எஞ்சும் நுண்துளைகள். ஆளை வைவதால் பயனில்லை. அளவு குறித்த வாளி ஒன்றைத் தண்ணீர் ஊற்றுபவரிடம் கொடுத்துவிட்டு, குடத்தை அப்புறப்படுத்துங்கள். மாற்றாட்களை வைத்துச் சோர்வைக் குறையுங்கள். வைப்ரேட்டர் இரண்டு இருக்கட்டும், ஒன்று பழுதானால் வேலை நிற்காது. 15 சென்டிமீட்டர் கன அச்சுகளில் மாதிரி எடுத்து, 7ஆம் நாளும் 28ஆம் நாளும் பரிசோதனைக்கு அனுப்புங்கள். மறைந்துவிட்ட தளத்தின் வலிமைக்குச் சாட்சி சொல்ல எஞ்சுபவை அந்தக் கட்டிகளே.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ சென்ட்ரிங்காரர் வந்து நிற்பார். "சார், நல்லா இறுகிடுச்சு, பிரிச்சிடலாமா? அடுத்த சைட்டுல ஷீட்டு கேக்குறாங்க" என்பார். அவர் கெட்டவரல்லர், ஷீட்டுக்கும் முட்டுக்கும் வாடகை நாள்கணக்கில் ஓடுகிறது, ஒரே ஷீட்டை மாதத்தில் எத்தனை தளத்துக்குத் திருப்புகிறாரோ அதுவே அவர் வருமானம். இத்தொழிலில் காணப்படும் பிழைகள் பலவற்றின் பின்னே அறியாமையைவிட இவ்வகையான பணக் கணக்கே நிற்கிறது என்பதைப் புதியவர் உணர வேண்டும். நாலரை மீட்டர் வரையுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேற்பட்டதற்கு 14 நாள், ஆறு மீட்டர் வரையுள்ள பீமுக்கு 14 நாள், அதற்கு மேல் 21 நாள் முட்டு நிற்க வேண்டும் என்பது சாதாரண சிமெண்டுக்குத் தரநிர்ணயம் சொல்லும் கெடு; சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டுக்கு இன்னும் சில நாள் கூட்டிக்கொள்வது நல்லது. ஆகவே சென்ட்ரிங் ஒப்பந்தம் பேசும்போதே இத்தனை நாள் வாடகை என்று சேர்த்துப் பேசி எழுதிவிட்டால், நான்காம் நாள் தர்க்கத்துக்கு இடமே இராது. தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதும் அவ்விதமே: யார் ஊற்றுவது, யார் செலவு என்று முன்னரே தீர்மானியாத ஸ்தலங்களில், வாட்ச்மேன் மனைவியின் தயவால்தான் கான்கிரீட் வலிமை பெறுகிறது.

சட்டம் கேட்பவை

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சென்னைப் பெருநகர்ப் பகுதியில் பெருநகர வளர்ச்சிக் குழுமமாகிய சி.எம்.டி.ஏ.யும், பிற பகுதிகளில் நகர் ஊரமைப்பு இயக்ககமும், அவற்றின் அதிகாரத்தைப் பெற்ற உள்ளாட்சி அமைப்புகளும் கட்டட அனுமதி வழங்குகின்றன. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், எத்தனை அடி திறந்தவெளி விட வேண்டும், எத்தனை உயரம் எழுப்பலாம் என்பனவற்றை விதிக்கின்றன. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குச் சுயசான்றின் பேரில் இணையவழி அனுமதி பெறும் முறை 2024 ஜூலையில் தொடங்கப்பட்டது. சுயசான்று என்றால் சரிபார்க்கும் பொறுப்பு முழுவதும் விண்ணப்பிப்பவர்மேல் ஏறுகிறது என்பதை உடைமையாளருக்கு நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். விற்பனைக்கென்று கட்டுவோர் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலோ கட்டுவராயின், 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி ரெரா என்னும் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்து, வாங்குவோரிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து அந்தக் கட்டடத்துக்கே செலவிட வேண்டும். ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டமைப்பில் குறை தோன்றினால் செலவின்றிச் சரிசெய்து தரவும் வேண்டும்.

காகிதம் ஒழுங்காக இருந்தால் கட்டடமும் ஒழுங்காக இருக்கும் என்று நம்பிவிடலாகாது. 2014 ஜூன் 28ஆம் தேதி மாலை, சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் மழையின்போது இடிந்து விழுந்து 61 பேரைப் பலிகொண்டது. இறந்தவர்களுள் பெரும்பாலோர் அதைக் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்கள். பிழைப்புக்காக வேற்று மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள். அருகே நின்ற இரட்டைக் கட்டடமும் நிலைக்கத் தகாதென்று தீர்மானிக்கப்பட்டு, 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. மண்ணினடியிலும் தூணினுள்ளும் மறைந்தவை சரியாக இருந்தனவா என்ற கேள்வி, அங்கே கேட்கப்பட வேண்டிய காலத்தில் கேட்கப்படவில்லை. இத்தொழிலில் நுழையும் ஒவ்வொருவரும் அந்த 61 என்னும் எண்ணிக்கையை நினைவில் வைத்திருக்க வேண்டுமென்பது என் பிரார்த்தனை.

தொழிலாளர்களுக்காக

கட்டுபவர்களின் நலனைப் பற்றிப் பொறியியல் நூல்கள் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி எழுதி விடுவதுண்டு. தலைக்கவசம், உயரத்தில் வேலை செய்வோருக்கு இடுப்புவார், சாரத்தில் கால் ஊன்ற இரண்டு பலகை, ஆழமான குழியின் ஓரத்தில் மண் சரியாமல் முட்டு, லிப்ட் குழிக்குத் தடுப்பு என்ற இவை மிகுந்த செலவு பிடிப்பவையல்ல. வாங்கி அறையில் பூட்டி வைக்கப்படுவதால்தான் பயனற்றுப் போகின்றன. நீங்கள் தலைக்கவசம் அணியாமல் ஸ்தலத்துக்குள் நடந்தால், ஒருவரும் அணியமாட்டார்கள்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் பெண்கள் சுமக்காத கலவையினால் எழுந்த கட்டடம் அநேகமாக இல்லை எனலாம். ஆயினும் சித்தாளாக வந்த ஆண்பிள்ளை ஐந்தாறு வருஷத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனாராகிவிட, அவனோடு வந்த பெண்ணோ இருபது வருஷம் கழித்தும் சட்டி சுமக்கிறாள், ஆணைவிடக் குறைந்த கூலிக்கு. நூல் பிடிக்கவும், ரசமட்டம் பார்க்கவும், பூச்சைத் தேய்த்து மட்டப்படுத்தவும் அவளுக்குத் தெரியும். பார்த்துக்கொண்டே இருந்தவள் அல்லவா? பெண்களுக்குக் கொத்து வேலைப் பயிற்சி அளித்த இடங்களில் அவர்கள் கட்டிய சுவர்கள் தூக்குக் குண்டுக்குச் சற்றும் பிசகாமல் நிற்கின்றன. உங்கள் ஸ்தலத்தில் காம்பவுண்டுச் சுவரிலேனும் கரண்டியை அவள் கையில் கொடுத்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவருகிறது. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று வீதம் உடைமையாளரிடம் வசூலிக்கும் நலநிதியிலிருந்து, பதிவு பெற்ற தொழிலாளரின் குழந்தைகள் படிப்புக்கும், திருமணத்துக்கும், மகப்பேற்றுக்கும், விபத்தில் இறப்போர் குடும்பத்துக்கும், முதுமையில் ஓய்வூதியத்துக்கும் வாரியம் உதவுகிறது. 18 வயது முதல் 60 வயது வரையுள்ளோர் பதிவு செய்துகொள்ளலாம். பதிவைக் குறித்த காலத்தில் புதுப்பிக்கவும் வேண்டும். உங்கள் கட்டடத்துக்கு அந்த நிதி கட்டியாகிவிட்டது. அதன் பயனுக்கு உரியவர்களோ பதிவு அட்டை இல்லாமையால் பெறாது போகிறார்கள். ஆகையால், வேலையில் சேர்ந்த முதல் சனிக்கிழமை கூலி பட்டுவாடாவின்போது மேஸ்திரியின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொருவரிடமும் அட்டை இருக்கிறதா என்று கேட்டு, இல்லாதவர்களின் பெயரையும் வயதையும் உங்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அறுபதை நெருங்கியவர்களின் விண்ணப்பத்தை முதலில் அனுப்புங்கள்.